கண்மாய்த் தூண்டிலும் அணைத் தூண்டிலும்: புதிதாகப் பழகுகிறவர்களுக்கு

மதுரைப் பக்கம் தூண்டில் பழகுகிறவர்கள் பெரும்பாலும் கண்மாயில், அதாவது ஊர்ப் பாசனக் குளத்தில்தான் பழகுகிறோம். வீட்டிலிருந்து சைக்கிள் தூரத்தில் இருக்கும். எங்கே முழங்கால் தண்ணீர், எங்கே கழுத்துத் தண்ணீர் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். கூட்டிப்போக யாராவது ஒரு மாமா இருப்பார். இரண்டு வருடம் ஜிலேபியும் (திலாப்பியா மீன்) கெளுத்தியும் பிடித்துக் கை பழகியதும் பெரிய மீன் ஆசை வந்துவிடும். அணைக்குக் கிளம்புவோம். வெறும் பையோடு திரும்புவோம்.

எனக்கு முதல் ஏழெட்டு நடை அப்படித்தான் போனது. மலையடிவாரத்தில் ஒரு சின்ன அணை. கண்மாயில் செய்வதையே அங்கும் செய்தேன். நிழலான கரையாகப் பார்த்து உட்கார்ந்து, பத்தடி தள்ளித் தக்கையைப் போட்டுக் காத்திருந்தேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் அரை மணி நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, நீங்க தூண்டில் போடுறது நாங்க தண்ணி இல்லாதப்ப கடலை போடுற மேடு. அங்க என்ன கெடக்கும்? ஓடை அந்தா, அந்தப் பாறைக்கு அங்கிட்டுல்ல போகுது."

அணைத் தூண்டிலுக்கு எனக்குக் கிடைத்த முதல் பாடம் அதுதான். கண்மாயில் தண்ணீரைப் பார்த்து மீனைத் தேடலாம். அணையில் தண்ணீருக்கு அடியில் இருக்கும் நிலம் தெரிந்தால்தான் மீன் கிடைக்கும்.

இரண்டும் எப்படி வேறு

இயற்கை ஏரியில் மீன் பிடிப்பதைப் பற்றி நிறையப் படிக்கலாம். ஆனால் நம் பக்கம் தானாக உண்டான ஏரியைத் தேடினால் கிடைப்பது அரிது. கொடைக்கானல் ஏரிகூட 1863 இல், மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் ஓடையை மறித்து உண்டாக்கியதுதான். கண்மாயும் மனிதர் கட்டியதே. ஆனாலும் பல நூறு வருட வண்டல் படிந்து, மேடுபள்ளமெல்லாம் நிரவி, தாமரையும் கோரையும் குடியேறி, ஏரியின் குணம் அதற்கு வந்துவிட்டது. ஏரி மீன்பிடிப்புக்குச் சொல்லும் யோசனைகளில் பெரும்பகுதி மதுரைப் பக்கத்து மாடக்குளம் கண்மாய்க்கோ நிலையூர்க் கண்மாய்க்கோ பொருந்தும். அணைக்குப் பொருந்தாது.

கண்மாய் ஒரு தாம்பாளம். கரையோரம், மடைக்கு முன்னால் மட்டும் கொஞ்சம் பள்ளம் இருக்கும். மற்றபடி ஒரே மாதிரி ஆழம்தான். அணையோ முறம் மாதிரி. தண்ணீர் வந்து சேரும் வாய்ப்பக்கம் ஆழமில்லாமல் இருக்கும். சுவர்ப்பக்கம் போகப்போகச் சரிந்து ஆழமாகும். நடுவே பழைய ஓடை வளைந்து வளைந்து போகும். அணை கட்டும் முன்பு அங்கே இருந்த பாறை, வரப்பு, கிணறு, வண்டிப்பாதை, வெட்டிய மரங்களின் அடிக்கட்டை எல்லாம் இன்னும் அடியில்தான் இருக்கின்றன. மீனுக்கு அதுதான் வீடு.

ஆழக் கணக்கும் வேறு. பாலமேடு பக்கம் உள்ள சாத்தையாறு அணை 29 அடி. தேவதானப்பட்டி மஞ்சளாறு 57 அடி. வைகை அணை 71 அடி. பெரியகுளம் சோத்துப்பாறை 126 அடி. பெரும்பாலான கண்மாய்களில் நிறைந்த காலத்திலேயே பத்தடி ஆழத்தைத் தேட வேண்டியிருக்கும்.

இதைவிட முக்கியம், தண்ணீர் ஏறி இறங்கும் வேகம். ஐப்பசி, கார்த்திகையில் நிறைந்த கண்மாய் பங்குனி, சித்திரை வரை மெல்ல மெல்ல வற்றும். அணையில் பாசனத்துக்குத் திறந்தால் ஒரே வாரத்தில் தண்ணீர் பல அடி பின்வாங்கிவிடும். இப்படிக் கரை இடம் மாறிக்கொண்டே இருந்தால் செடி வேர்பிடிக்க முடியாது. அதனால்தான் அணையின் ஓரம் மொட்டையாக இருக்கிறது. கண்மாயில் ஓரத்துத் தாமரைக்கும் கருவேல மரத்தடிக்கும் வந்து ஒதுங்கும் மீன், அணையில் ஓரத்துக்கு வந்து என்ன செய்யும்? அது ஓடைப் பள்ளத்தின் விளிம்பில், பாறைச் சந்தில் கிடக்கும்.

முதலில் அனுமதி

கண்மாய் மீன் பொதுச்சொத்து என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். மீன்பாசி ஏலம், அதாவது மீன் பிடிக்கும் உரிமையை, எடுத்தவர் கைக்காசு போட்டுக் குஞ்சு விட்டிருப்பார். குத்தகைதாரரையோ காவலுக்கு இருப்பவரையோ பார்த்து, "அண்ணே, ஒரு தூண்டில்தான். ஜிலேபி, கெளுத்தி மட்டும் எடுத்துக்கிறேன். வளர்ப்புக் கெண்டை மாட்டினா திரும்ப விட்டுர்றேன்" என்று முதலிலேயே பேசிவிடுங்கள். பலர் சரி என்பார்கள். மாட்டேன் என்றால் அடுத்த கண்மாய்க்குப் போக வேண்டியதுதான். அணையில் மீன்பிடி உரிமை மீன்வளத்துறையிடமோ, கூட்டுறவுச் சங்கத்திடமோ, குத்தகைதாரரிடமோ இருக்கும். அங்கே பரிசல் வைத்திருக்கும் மீனவரைக் கேட்டால் யாரைப் பார்ப்பது என்று சொல்லிவிடுவார். சுவர், ஷட்டர், அதற்குக் கீழே உள்ள தண்ணீர்த் தொட்டி ஆகிய இடங்களில் நிற்கவே கூடாது. கோயில் தெப்பக்குளங்களிலும், வேட்டங்குடி போன்ற பறவைச் சரணாலயக் கண்மாய்களிலும் தூண்டில் வேண்டாம்.

அப்புறம், வறண்டபோது ஒரு நடை

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். சித்திரை, வைகாசியில் அணையில் தண்ணீர் குறைந்து கிடக்கும்போது தூண்டில் இல்லாமல் ஒருநாள் போங்கள். காலையிலேயே போய்விடுங்கள், வெயில் தாங்காது. வாய்ப்பக்கத்திலிருந்து பழைய ஓடையை ஒட்டி நடங்கள். ஓடை எங்கே வளைகிறது, எந்த வளைவு கரைக்குப் பக்கமாக வருகிறது, எங்கே பாறை மேடு, எங்கே மண் அள்ளிய குழி, எங்கே மரக்கட்டை என்று பார்த்து, போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். படத்தில் மலை முகடு, கோயில், மின்கம்பம் என்று நகராத ஒரு அடையாளம் பின்னால் தெரிய வேண்டும். மழைக்குப் பிறகு நீங்கள் தேடி வரும்போது கீழே உள்ள எதுவும் கண்ணில் படாது. பின்னால் தெரிந்த முகடு மட்டும்தான் மிஞ்சும்.

ஓடை வளைந்து கரையை நெருங்கும் இடம் இரண்டு கிடைத்தால் போதும். அந்த வருடம் முழுக்க அவற்றை வைத்தே ஓட்டலாம். சேறு மேலே காய்ந்து வெடித்திருந்தாலும் உள்ளே ஈரமாக இருக்கும். கையில் ஒரு கம்பை வைத்து ஊன்றிப் பார்த்து நடங்கள்.

கண்மாய்க்கு இதே வேலையை மீன்பிடித் திருவிழா செய்து தருகிறது. அறுவடை முடிந்து, கண்மாய் வற்றும் நேரத்தில், ஊர்ச்சாமியைக் கும்பிட்டு, பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தா என்ற கவிழ்ப்புக் கூடையும் கச்சாவும் வலையுமாக எல்லாரும் இறங்குவார்கள். மேலூர், நத்தம் பக்கம் ஏதாவது ஒரு ஊரில் நடந்துகொண்டே இருக்கும். புதிதாகப் பழகுகிறவர் ஒருமுறையாவது இறங்காமல் கரையில் நின்று பார்க்க வேண்டும். எந்த மூலையில் கூட்டம் மொய்க்கிறது, யாருடைய ஊத்தாவில் விரால் விழுகிறது என்று கவனியுங்கள். அடுத்த தையில் உங்கள் தக்கை போய் விழ வேண்டிய இடம் அதுதான்.

என்ன மீன், ஏன் அங்கே

இரண்டு இடத்திலும் அதிகம் மாட்டுவது ஜிலேபி. 1952 இல் இந்தியாவுக்கு வந்த ஆப்பிரிக்க மீன் அது. நிற்கும் தண்ணீரிலேயே தானாகப் பெருகும். ஆழமில்லாத மணல் ஓரத்தில் வட்டவட்டமாகக் குழி தெரிந்தால் அது ஜிலேபி முட்டையிடும் இடம். புதிதாக வருகிறவர்களுக்கு இதைவிட நல்ல மீன் இல்லை.

கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் கங்கைப் பக்கத்து ஆற்று மீன்கள். தேங்கிய தண்ணீரில் குஞ்சு பொரிக்காது. அதனால் குஞ்சு வாங்கித்தான் விடுகிறார்கள். கண்மாய் வற்றுவதற்குள் வலை போட்டு அரித்துவிடுவதால் அவற்றுக்கு அங்கே ஆயுசு ஒரு வருடம்கூட இல்லை. தண்ணீர் முழுக்க வற்றாத அணையில், வலைக்குத் தப்பியது நாலைந்து வருடம்கூட வளரும். அணையில் பெரிய மீன் இருக்கிறது என்று சொல்வது வெறும் பேச்சு இல்லை. கட்லா மேல்மட்டத்தில் மேயும், ரோகு நடுவில், மிர்கால் அடியில். எந்த ஆழத்தில் இரை நிற்க வேண்டும் என்பதை இதை வைத்து முடிவு செய்யலாம்.

விரால் கண்மாய்க்காரன். செடியும் சேறும் இருக்கும் இடம்தான் அதற்குப் பிடிக்கும். காற்றைச் சுவாசிக்கக்கூடிய மீன் என்பதால், வெந்நீர் போலச் சுட்டுக் கிடக்கும் கோடைத் தண்ணீரிலும் தாக்குப்பிடிக்கும். அணையில் விரால் வேண்டுமென்றால் வாய்ப்பக்கம், புல் மூழ்கிய ஓரங்களில் தேட வேண்டும். செந்நிறக் குஞ்சுகள் கொத்தாக மேலே மிதந்தால் பெரிய விரால் அடியில் காவல் நிற்கிறது என்று அர்த்தம். அப்போது எதைப் போட்டாலும் பாய்ந்து கடிக்கும். அதனாலேயே அதைப் பிடிக்கக் கூடாது என்பேன். அதை எடுத்துவிட்டால் அத்தனை குஞ்சும் மற்ற மீனுக்கு இரை.

விரலளவுச் சின்ன மீனான அயிரைக்குத் தூண்டில் கிடையாது. மதுரைக்காரர்கள் கட்டாயம் கேட்பார்கள் என்பதால் சொல்லிவைக்கிறேன்.

சாமான்

கண்மாய்க்குப் பத்துப் பன்னிரண்டு அடி மூங்கில் கம்பு, அதே நீளத்துக்கு நரம்பு (தூண்டில் நூல்), ஒரு தக்கை, ஒரு சின்ன ஈயம், சின்னத் தூண்டில் முள். முள்ளின் எண் கூடக்கூட அளவு சிறுக்கும் என்பதைக் கடையில் மறந்துவிடாதீர்கள். ஜிலேபியின் வாய் சிறியது. 10 ஆம் எண் வாக்கில் வாங்கினால் சரியாக இருக்கும். இரைக்கு மண்புழு அல்லது பிசைந்த மைதா உருண்டை.

அணைக்கு அந்தக் கம்பு எட்டாது. ரீல் வைத்த ராடு வேண்டும். எட்டு ஒன்பது அடியில், விலை குறைந்ததாகவே பாருங்கள். முதல் வருடம் பாறையில் தட்டி உடைக்கப்போகிறீர்கள். நரம்பு 0.35 மில்லிமீட்டர் போதும். அடியில் கல்லும் கட்டையும் இருப்பதால் ஈயம் சிக்கிக்கொண்டே இருக்கும். அதற்கு ஒரு வழி உண்டு. ஈயத்தை நேராக நரம்பில் கட்டாமல், அதைவிட மெல்லிய ஒரு சாண் நரம்புத் துண்டில் தனியாகக் கட்டித் தொங்கவிடுங்கள். சிக்கினால் அந்தத் துண்டு மட்டும் அறும். முள்ளும் மீனும் கைக்கு வரும்.

விராலுக்கு உயிர்த் தவளையைக் கோத்துப் போடுவது பழைய பழக்கம். எனக்கு மனசு வரவில்லை. ரப்பர் தவளையே போதும். அல்லி இலைமேல் போட்டு மெல்ல இழுத்து, இலை ஓரத்தில் ஒரு கணம் நிறுத்தினால் பாயும்.

நீர்மட்டம் பார்த்துக் கிளம்புங்கள்

வைகை, மஞ்சளாறு, சோத்துப்பாறை, சாத்தையாறு நீர்மட்டம் நாளிதழின் மதுரைப் பதிப்பில் வரும். வரத்து எத்தனை கன அடி, வெளியேற்றம் எத்தனை கன அடி என்றும் போடுவார்கள். விவசாயிக்கு அடுத்தபடி அதைப் படிக்க வேண்டியவர் நீங்கள்தான். எத்தனை அடி நிற்கிறது என்பதைவிட, நேற்றைக்கு இன்று ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

மட்டம் ஏறுகிறதா? காய்ந்து கிடந்த புல்லுக்குள் புதுத்தண்ணீர் நுழையும். புழுவும் பூச்சியும் வளைக்குள்ளிருந்து வெளியேறும். அவற்றைத் தின்ன மீன் முழங்கால் ஆழத்துக்கே வரும். அந்த நாட்களில் அணையிலும் கண்மாய்க்காரன் மாதிரியே ஓரத்தில் மண்புழு போடலாம். தூரமாக வீசுகிறவன்தான் அன்றைக்கு ஏமாறுவான். மட்டம் இறங்குகிறதா? மீன் ஓரத்தை விட்டு ஓடைப் பள்ளத்துக்குள் இறங்கிவிடும். கோடையில் பார்த்து வைத்த வளைவு இப்போதுதான் கைகொடுக்கும். மட்டம் மாறாமல் நிற்கிறதென்றால் காற்றைப் பாருங்கள்.

ஆனி, ஆடியில் மேற்கே இருந்து காற்று அடிக்கும். அது மேல்தண்ணீரையும் அதிலுள்ள நுண்ணிரையையும் கிழக்குக் கரைக்குத் தள்ளும். சின்ன மீன் அங்கே போகும், பெரியது பின்னால் போகும். காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு தூண்டில் போடுவது தொல்லைதான், ஆனாலும் அங்கேதான் நிற்க வேண்டும். நம் பக்கம் நிலம் கிழக்கே சரிவதால் கண்மாய்களுக்குப் பெரும்பாலும் கிழக்கே கரை, மேற்கே வரத்துக்கால். அதனால் ஆடியில் கண்மாய்க் கரையில் நின்றாலே சரியான இடத்தில் நிற்கிறீர்கள். அணையில் அந்தக் கணக்கு ஒவ்வொரு மலைக்கும் மாறும். திசையைப் பார்த்து இடம் பிடிக்க வேண்டும்.

புதுவெள்ளம் செம்மண்ணாக வரும்போது கலங்கிய தண்ணீருக்குள் போடாதீர்கள், தெளிந்த தண்ணீரிலும் போடாதீர்கள். இரண்டும் சேரும் கோடு ஒன்று தெரியும், அதன்மேல் போடுங்கள். கலங்கலில் மீன் வாசனையை வைத்துத்தான் இரை தேடும். மைதாவைவிட மண்புழுவும், கடலைப் பிண்ணாக்கு கலந்த உருண்டையும் எடுக்கும். கண்மாய் நிறைந்து மறுகால் பாயும்போது, தண்ணீர் வழியும் கலுங்கில் எதிரேறும் மீனைப் பிடிக்கப் பெரிய கூட்டமே கூடும். அதில் சினை மீன் நிறைய. நான் அந்த ஒரு வாரம் தூண்டிலை எடுப்பதில்லை. பிடிப்பவர்களோடு சண்டைக்கும் போவதில்லை.

கரையில் நின்றபின்

அணையில் முதல் பத்து நிமிடம் முள் கட்டாதீர்கள். ஈயத்தை மட்டும் வீசி, அது அடியைத் தொடும்வரை ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள். தொட்டதும் நரம்பு தொய்யும். இடது, நடு, வலது என்று நாலைந்து இடத்தில் எண்ணினால், எண்ணிக்கை திடீரென்று கூடும் இடம் தெரியும். அதுதான் பள்ளத்தின் விளிம்பு. பிறகு ஈயத்தை மெல்ல இழுங்கள். டக் டக்கென்று தட்டினால் பாறை. பசைபோல ஒட்டிக் கனத்தால் சேறு. ஒரு தட்டலும் இல்லாமல் வழுக்கி வந்தால் மணல். விளிம்பும் பாறையும் சேர்ந்த இடம் கிடைத்தால் அன்றைக்கு அதைவிட்டு நகராதீர்கள். கைப்பிடி தவிடும் பிண்ணாக்கும் பிசைந்து அங்கே எறிந்துவிட்டு, கால் மணி நேரம் கழித்து முள்ளைக் கட்டலாம்.

ஆழமான அணைக்குக் கோடையில் இன்னொரு கணக்கு உண்டு. மேல்தண்ணீர் சூடாகவும் அடித்தண்ணீர் குளிர்ந்தும் தனித்தனி அடுக்காக நின்றுவிடும். அடியில் பிராணவாயு குறைந்துபோகும். அப்போது இருப்பதிலேயே ஆழமான இடத்தில் இரையை அடியில் கிடத்தினால் அதைத் தேடி ஒன்றும் வராது. நடு ஆழத்தில் தொங்கவிடுங்கள். கண்மாயில் இந்த அடுக்கு நிலைக்காது, காற்றே கலக்கிவிடும். அங்கே வேறு தொல்லை. மூடாக்குப் போட்டுக் காற்றில்லாத இரவுக்கு மறுநாள் விடியலில் மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருக்கும். "அடேயப்பா, எவ்வளவு மீன்!" என்று தோன்றும். மூச்சுக்குத் திணறும் மீன் இரை எடுக்காது. வெயில் ஏறும்வரை டீ குடித்துவிட்டு வாருங்கள்.

மற்றபடி நேரம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். விடியலும், பொழுது சாயும் நேரமும்.

ஆபத்து

கண்மாயில் ஆளை விழுங்குவது மண் அள்ளிய குழிகள். இடுப்பளவுத் தண்ணீரில் நடந்துகொண்டிருக்கும்போது அடுத்த அடி ஆளுயரத்துக்கு இறங்கும். சிக்கிய முள்ளை எடுக்கத் தண்ணீருக்குள் இறங்கவே வேண்டாம். முள்ளின் விலை சில ரூபாய்தான். அணையில் சரிவும் வழுக்குப் பாறையும் ஆபத்து. அணைக்குக் கீழே ஆற்றில் நிற்கிறவர்களுக்குத் திறந்துவிடும் தண்ணீர் ஆபத்து. வைகை அணை 66 அடியைத் தொட்டால் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5 இல் இரண்டாவது, 69 இல் மூன்றாவது. முதலாவதைக் கேட்டதுமே ஆற்றுக்குள் இருப்பவர்கள் சாமானைச் சுருட்டிவிட வேண்டும். தனியாகப் போகாதீர்கள். மாலையில் கரைப் புல்லில் கால் வைக்கும் முன் டார்ச் அடியுங்கள்.

சாக்கடை கலக்கும் நகரத்துக் கண்மாயில் கை பழகலாம். அந்த மீனை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். ஊர்க் கண்மாய் மீனிலும் கோடையில் சேற்று வாடை இருக்கும். கல்லுப்பும் மஞ்சளும் போட்டு உரசிக் கழுவி, புளித்தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்தால் குறையும். அணை மீனில் அந்த வாடை அவ்வளவாக இருக்காது.

கடைசியாக ஒரு நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தேதி, அணை நீர்மட்டம், ஏற்றமா இறக்கமா, காற்று எந்தப் பக்கம், எந்த முகட்டுக்கு நேரே நின்றீர்கள், எத்தனை எண்ணியதும் ஈயம் தொட்டது, என்ன கிடைத்தது. இவ்வளவுதான் எழுத வேண்டும். கண்மாய்க்கு இது தேவையில்லை, போன வருடம் பிடித்த இடத்தில் இந்த வருடமும் பிடிக்கலாம். அணையில் மட்டத்தை எழுதாமல் இடத்தை மட்டும் எழுதி வைத்தால் அந்தக் குறிப்பு உதவாது. 22 அடி தண்ணீர் நின்றபோது ஒரே காலையில் ஒன்பது ஜிலேபி கொடுத்த என் இடத்தில், 14 அடிக்கு இறங்கியபோது போய்ப் பார்த்தால் அந்தப் பெரியவரின் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.